கரண்ட் பில்லுக்கு நூல் கட்டின சனிக்கிழமைகள்

நான் கணக்கு ரீச்சர். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை. இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் வளந்த ஆக்களுக்குப் படிப்பிக்க இது ரெண்டும் ஒத்து வராது. பள்ளிக்கூடப் பிள்ளையளெண்டால் ஒருக்கால் முறைச்சுப் பாத்தால் அடங்கிடுவினம். அறுபத்தைஞ்சு வயசு அங்கிளை முறைச்சுப் பாக்க ஏலுமோ?

இரண்டாயிரத்துப் பத்து, பதினொண்டு வாக்கில சிட்னியில எங்கட கிரவீன் பக்கம் கழுத்தில அட்டை தொங்கவிட்ட பெடியள் வீடு வீடா வரத் தொடங்கினாங்கள். கரண்ட் கொம்பனியை மாத்துங்கோ, பில் குறையும் எண்டு சொல்லிக்கொண்டு வருவாங்கள். வெள்ளைக்காரர் கம்பிக்கதவைத் திறக்காமலே வேண்டாமெண்டு அனுப்பிப்போடுவினம். எங்கட ஆக்கள் அப்பிடியோ? பாவம், வெயிலுக்க நிக்கிறானெண்டு உள்ள கூப்பிட்டு, கதிரையைத் துடைச்சு இருத்தி, தேத்தண்ணியும் வடையும் குடுப்பினம். ஒருத்தன் வந்து வடை சாப்பிட்ட பிறகு அவனை வெறுங்கையோட எப்பிடி அனுப்புறது? கையெழுத்துப் போட்டுக் குடுத்துப்போடுவினம். எங்கட தெருவில ஒரு வீட்டில ஒரே மாசத்தில ரெண்டு கொம்பனிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தினம். ரெண்டு பெடியளும் நல்ல மரியாதையான பிள்ளையளாம்.

மற்ற அரைவாசிப் பேர் கணக்காளர் அங்கிளுக்குப் பின்னால போனவை. அவர் கொழும்பில பெரிய கணக்காளரா இருந்து ஓய்வெடுத்தவர். மனுசன் ஒரு கார் வாங்கினால் அடுத்த வருசம் தெருவில நாலு வீட்டில அதே கார் நிக்கும், நிறமும் அதே நிறம். அவர் இருந்து யோசிச்சுப் பாத்து ஒரு கொம்பனிக்கு மாறினார். அவ்வளவுதான், கேள்வி இல்லை, எல்லாரும் அந்தக் கொம்பனி. பிறகு பில் வர, அவருக்குக் குறைஞ்சுது எங்களுக்கு ஏன் கூடினது எண்டு கோயில் வாசலில நிண்டு தலையைச் சொறிஞ்சினம்.

கடைசியில அங்கிளே என்னைத் தேடி வந்தார். சனிக்கிழமையில பிள்ளையள் தமிழ் வகுப்பில இருக்கேக்க தாய் தேப்பன்மார் வெளியில நிண்டு ஊர்க்கதைதானே கதைக்கினம், ஒரு வகுப்பறையைத் திறந்து இந்தக் கொம்பனியளை ஒப்பிட்டுப் பாக்கிற விதத்தைக் காட்டிக் குடுக்கச் சொன்னார். ஒரு சனிக்கிழமை போதுமெண்டு நினைச்சன். என்ர திமிர்.

முதல் நாள் கரும்பலகையில ரெண்டு கோடு கீறி, ஊரில பள்ளிக்கூடத்தில சொல்லுற மாதிரியே வரைபு, படித்திறன், வெட்டுத்துண்டு எண்டு அடுக்கினன். எல்லாரும் அழகாத் தலையாட்டிச்சினம். வகுப்பு முடிய ஒராள் வந்து, எல்லாம் நல்லா விளங்கினது ரீச்சர், அப்ப எந்தக் கொம்பனி எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டார். எனக்கு வந்த கோவத்தில வெண்கட்டியை ரெண்டா உடைச்சன். வீட்ட வந்துதான் யோசிச்சன். அவையில பிழை இல்லை. நான் கோட்டைக் காட்டினன், அதில அவையின்ர வீடு எங்க நிக்குதெண்டு காட்டேல்லை.

அடுத்த கிழமை கரும்பலகையைத் தொடேல்லை. பிள்ளையளின்ர கைவேலை அலுமாரிக்குள்ள இருந்து ஊசி குத்துற பெரிய தக்கைப் பலகையும், கம்பளி நூலுருண்டையளும் எடுத்தன். பலகையின்ர அடிக்கரை நீளத்துக்கு ஒரு வீட்டில எவ்வளவு கரண்ட் பாவிக்கினம் எண்டது. இடக்கரை உயரத்துக்குப் பில் எவ்வளவு எண்டது. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒரு நிற நூல். கொம்பனி ரெண்டு விதமாக் காசு எடுக்குது எண்டன். ஒண்டு, நீங்கள் ஒரு பல்ப் போடாட்டிலும் நாளுக்கெண்டு எடுக்கிற காசு. நூல் இடக்கரையில எந்த உயரத்தில தொடங்குதெண்டதை அது தீர்மானிக்குது. மற்றது, பாவிக்கிற ஒவ்வொரு யூனிற்றுக்கும் எடுக்கிற காசு. அது கூடினால் நூல் செங்குத்தா ஏறும், குறைஞ்சால் சாய்வா ஏறும்.

பாவிக்காட்டிலும் காசோ எண்டு ஒரு சத்தம். பிளாக்டவுனில மளிகைக்கடை வைச்சிருக்கிற தமிழ்நாட்டு முஸ்லிம் அண்ணன் எழும்பி நிண்டார். போன வருசம் தங்கச்சி கலியாணத்துக்கு ஊருக்குப் போகேக்க வீட்டின்ர மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டுத்தான் போனவராம். திரும்பி வந்தால் பில். "பூட்டிக் கெடந்த வீட்டுக்கு எவன் கரண்ட் ஓட்டுனான்னு ஒரு வருஷமா யோசிச்சிட்டு இருக்கேங்க" எண்டார். பக்கத்து வீட்டுக்காரன்தான் வயர் இழுத்திருக்கிறானெண்டு முடிவு கட்டி, அந்த மனுசனோட கதைக்கிறதையே விட்டிட்டாராம். நான் நூல் தொடங்கிற இடத்தைக் காட்டினன். அது பலகையின்ர மூலையில தொடங்கேல்லை, ஒரு சாண் மேல தொடங்கினது. அவர் கிட்ட வந்து அந்த ஊசியை விரலால தொட்டுப் பாத்தார். மூலைக்கும் ஊசிக்கும் இடையில விரலை மேலயும் கீழயும் கொண்டு போனார். பிறகு மெல்ல, பாவம் அந்த ஆளு, எண்டார். பின்னேரமே பக்கத்து வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழத்தோட போனவராம். அந்த மனுசனுக்கு ஏன் எதுக்கெண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்து ஆளுக்கொரு குண்டூசி குடுத்தன். அவரவர் பில்லில பாவிச்ச யூனிற்றைப் பாத்து, பலகையின்ர அடிக்கரையில தன்ர இடத்தைத் தேடிக் குத்தவேணும். பிறகு அந்த இடத்தில நிண்டு நேர மேல பாக்கவேணும், எந்த நூல் எல்லாத்துக்கும் கீழ இருக்குதோ அதுதான் அவையின்ர கொம்பனி. விலைக்கழிவு, போனஸ், முதல் மாசம் இலவசம் எண்டு அந்தப் பெடியள் சொன்ன புழுகெல்லாத்தையும் சேத்துத்தான் நூல் கட்டினனான். பெரிய கழிவு தாறமெண்டு சொன்ன கொம்பனியின்ர நூல்தான் எல்லாத்துக்கும் மேல போனது. அதைப் பாத்துச் சனம் சிரிச்ச சிரிப்பில பக்கத்து அறையில தேவாரம் படிச்ச பிள்ளையள் நிப்பாட்டிப்போட்டுதுகள்.

நாலைஞ்சு நூல் கட்டினாலும் போட்டி சிவப்புக்கும் பச்சைக்கும் இடையிலதான். சிவப்பு தாழத் தொடங்கி விறுக்கெண்டு ஏறுறது. பச்சை உயரத் தொடங்கி மெல்ல ஏறுறது. ரெண்டும் பலகையின்ர நடுவில ஒண்டையொண்டு வெட்டினது. அந்த இடத்துக்கு நான் சந்தி எண்டு பேர் வைச்சன். கணக்காளர் அங்கிளின்ர ஊசி சந்திக்கு இடப்பக்கம். பிள்ளையள் கலியாணம் கட்டிப் போய், கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிற வீடு, சிவப்பு நூல் அவருக்குச் சரி. அவரைப் பாத்துச் சிவப்புக்குப் போன ஆக்களின்ர ஊசியெல்லாம் வலப்பக்கம் குவிஞ்சு கிடந்தது. அங்க சிவப்பு, பச்சையை விட நல்லா உயர நிண்டுது. அங்கிள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்பப் போட்டுப் பாத்தார். ஒரு தெருவையே பிழையான பஸ்ஸில ஏத்திப்போட்டன் எண்டு சொல்லி, அவர்தான் முதல் சிரிச்சார்.

எனக்கு அண்டைக்குச் சிரிப்பு வரேல்லை, புல்லரிச்சது. அந்த அறையில இருந்த முக்காவாசிப் பேர் இலங்கையில வடக்கில சண்டை நேரம் வருசக்கணக்காக் கரண்டே இல்லாமல் இருந்த ஆக்கள். போத்தில் விளக்கில படிச்சுச் சோதினை எடுத்தவை. நானும் ஒராள். கரண்ட் திரும்பி வந்த அண்டைக்கு எங்கட வீட்டில எல்லாரும் ஒரு பல்ப்புக்குக் கீழ வந்து இருந்து, ஒரு வேலையும் செய்யாமல் அதையே பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். இப்ப அதே சனம் தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டு, நான் சந்திக்கு அங்கால, நீங்கள் இங்காலயோ எண்டு கதைக்குது. கண்ணுக்குத் தெரியாத ஒண்டு சுவருக்குள்ளால ஓடுது, அதுக்கு ஒரு கம்பளி நூலால உருவம் குடுக்கலாம் எண்டது எவ்வளவு பெரிய விசயம். இத்தினை வருசம் படிப்பிச்சும் நான் அதை அதிசயமா நினைச்சதில்லை.

ஊசி குத்தாமல் ஒராள் மட்டும் இருந்தா. கதவடிக் கதிரையில எப்பவும் இருக்கிற ஒரு அக்கா. வகுப்புக்குத் தேத்தண்ணி போடுறதும் அவதான். சிறுபிள்ளையள் காப்பகம் ஒண்டில குசினி வேலை. எல்லாரும் போன பிறகு கோப்பையளைக் கழுவிக்கொண்டு, தனக்கு ரெண்டு ஊசி வேணுமெண்டு கேட்டா.

பிறகுதான் விசயத்தைச் சொன்னா. புருசனுக்கு ரெண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூண்டு நாள் விடிய வான் வந்து ஏத்திக்கொண்டு போகும். ஆஸ்பத்திரியில இரத்தத்தைச் சுத்தமாக்கிற மிசினில படுத்திருந்துபோட்டு, பின்னேரம் பிழிஞ்ச துணி மாதிரி வருவார். அடுத்த நாள் கொஞ்சம் எழும்பி நடமாடுவார், அதுக்கடுத்த நாள் திரும்பவும் வான். மிசினை வீட்ட தாறம், ரெண்டு பேருக்கும் பழக்கியும் விடுறம், அவர் தெம்பா இருப்பார் எண்டு ஆஸ்பத்திரி சொல்லுது. மாச முடிவுக்குள்ள ஓமோ இல்லையோ சொல்லவேணும், இல்லாட்டில் அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும். இவர் மாட்டனெண்டு நிக்கிறார். மிசின் கரண்டைக் குடிக்கும், ஒராளின்ர சம்பளத்தில அதுக்குக் கட்ட ஏலாது, நான் ஆஸ்பத்திரிக்காரன்ர கரண்டிலயே படுத்திருக்கிறன் எண்டு சொல்லுறாராம்.

"எங்களுக்கெண்டு ஒரு நாள் இல்லை ரீச்சர்" எண்டா. கோப்பையைத் துடைச்சுத் துடைச்சுக் கையிலயே வைச்சிருந்தா.

முதல் ஊசியை இப்பத்தைய பில்லுக்குக் குத்தினா. சந்திக்கு நல்லா இடப்பக்கம், அங்கிளுக்குப் பக்கத்தில. ஆக்களில்லாத வீட்டில என்ன கரண்ட் எரியப்போகுது? அவவின்ர கொம்பனியும் சிவப்புத்தான், வடை சாப்பிட்ட பெடியன் எழுதிக்கொண்டு போனது. ரெண்டாவது ஊசிக்கு, மிசினுக்கும் தண்ணி வடிக்கிற கருவிக்கும் எவ்வளவு போகுமெண்டு தாதி சொன்னதைக் கூட்டிப் பாத்தம். மற்ற எல்லா ஊசியளையும் தாண்டி வலப்பக்கக் கரையில போய் நிண்டுது. அவ அதில நிண்டு மேல பாத்தா. சிவப்பு நூல் தலைக்கு மேல ஏறி நிண்டுது. அவர் சொன்னது சரிதானெண்டு சொல்லிப்போட்டுக் கதிரையில இருந்திட்டா.

எனக்கு வழக்கமான கோவம் வந்திட்டுது. கலியாண வீட்டில மாப்பிள்ளையைப் பாக்கிற மாதிரி அந்த ஒரு நூலையே பாக்கிறியள், பச்சையைப் பாருங்கோ எண்டு பேசினன். பச்சைதான் இடக்கரையில எல்லாத்துக்கும் உயரத் தொடங்கின நூல், நாள் காசு கூட. அதாலயே ஊசி குத்த முதல் ஒருத்தரும் அதை மதிக்கேல்லை. இஞ்ச, அவவின்ர ரெண்டாவது ஊசிக்கு மேல, அது எல்லாத்துக்கும் கீழ கிடந்தது. இப்பத்தைய பில்லை விடக் கூடத்தான், பொய் சொல்லேல்லை. ஆனால் சிவப்பில ஏலாதது பச்சையில ஏலும். அதுக்கு மேல, இப்பிடி மிசின் வைச்சிருக்கிற வீட்டுக்கு அரசாங்கம் ஒரு கழிவும் குடுக்குது. அவ எழும்பிக் கிட்ட வந்து, ஊசியில இருந்து பச்சைக்கு விரலால அளந்தா. பிறகு சிவப்புக்கு அளந்தா. மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேட்டுது. நான் சொன்னால் அவர் நம்பமாட்டார், அவரே வந்து பாக்கவேணும் எண்டா.

அடுத்த சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தா. வான் வராத நாள். நெடுத்த மனுசன், சிட்னியில கனகாலம் டாக்சி ஓடினவர். போட்டிருந்த சேட்டு உடம்பில தொங்கினது. முன் கதிரையில இருந்து பலகையைப் பாத்தார். நான் டாக்சியை வைச்சே விளங்கப்படுத்தினன். ஏறி இருந்தவுடன மீற்றரில விழுற காசுதான் நூல் தொடங்கிற இடம், பிறகு தூரத்துக்குத் தூரம் ஏறுறதுதான் சாய்வு. அவர் தலையாட்டேல்லை. அதில எனக்கு நம்பிக்கை வந்தது.

கனநேரம் பாத்துப்போட்டு ஒரு கேள்வி கேட்டார். ஊசி பலகைக்கரையில நிக்குது, கோடையில குளிரூட்டி, குளிருக்கு ஹீற்றர், நான் நாள் முழுக்க வீட்டில, பில் இந்தப் பலகைக்கு வெளியால போனால் அங்க என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?

நான் சமன்பாட்டை எழுத வெண்கட்டியைத் தேடினன். அதுக்குள்ள அக்கா எழும்பிப் போய் வலக்கரையில கட்டியிருந்த பச்சை நூலை அவிழ்த்தா. உருண்டையைக் கையில எடுத்து, நூலை அதே சாய்வில இழுத்துக்கொண்டு, பலகையை விட்டுச் சுவரோட நடக்கத் தொடங்கினா. மளிகைக்கடை அண்ணனுக்கு விசயம் பிடிபட்டுது. அவர் சிவப்பை அவிழ்த்து அதின்ர சாய்வில இழுத்துக்கொண்டு பின்னால போனார். கொஞ்சத் தூரத்தில அவருக்குக் கை எட்டேல்லை, கணக்காளர் அங்கிள் ஒரு கதிரையைத் தள்ளிக் குடுத்தார். அண்ணன் அதில ஏறினார். பிறகு மேசையில ஏறினார். சிவப்பு நூல் யன்னலுக்கு மேலால கூரையைத் தொடப் போனது. அக்கா அறையின்ர மற்ற மூலையில, நெஞ்சு உயரத்தில பச்சை நூலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. ரெண்டு நூலுக்கும் இடையில ஒரு ஆள் உயரத்துக்கு இடைவெளி.

போகப் போக இடைவெளி கூடுமெண்டு எத்தினை ஆயிரம் பிள்ளையளுக்குச் சொல்லியிருப்பன். நேர்கோட்டுக்கு முடிவில்லை எண்டு எழுதி அடிக்கோடும் போட்டிருப்பன். ஆனால் ஒரு கோடு பலகையை விட்டு இறங்கி, சுவர் முழுக்கப் போய், அதின்ர அந்தத்தில ஒரு பொம்பிளை நிண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிறதை நான் கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிட்டுது. வெக்கமில்லாமல் சொல்லுறன், கணக்கைப் பாத்து நான் அழுதது அண்டைக்குத்தான்.

அவர் நூலைப் பாக்கேல்லை. நூலைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட மனிசியைப் பாத்தார். பிறகு சபையெண்டும் பாக்காமல் சொன்னார்.

"பில்லைச் சாட்டாத்தான் சொன்னனான். உன்னை என்ர கையில ஊசி குத்த வைச்சு, இருக்கிற ஒரு வீட்டையும் ஆஸ்பத்திரியாக்க எனக்கு மனம் வரேல்லை."

அக்கா கையை இறக்கேல்லை.

"நீங்கள் இல்லாத வீட்டை வைச்சு நான் என்ன செய்யிறது? கை நோகுது. ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ."

மேசைக்கு மேல நிண்ட அண்ணனும் நூலை மற்றக் கைக்கு மாத்தினார். ஆனால் மனுசன் இறங்கேல்லை.

அவர் ஓம் எண்டார். மெல்லத்தான் சொன்னார், பின்வரிசைக்குக் கேட்டிராது. ஆனால் அக்காவின்ர கையில நூல் தொய்ஞ்சதைப் பாத்து எல்லாருக்கும் விளங்கிட்டுது.

கொம்பனிக்கு அவவே போன் எடுத்தா. நான் கதைச்சுத் தாறனெண்டு கேட்டதுக்கு வேண்டாமெண்டிட்டா. பச்சைக்கு மாத்தினா, வீட்டில உயிர் காக்கிற மிசின் வரப்போகுது, அறிவிக்காமல் கரண்டை வெட்டக்கூடாதெண்டு பதியவும் வைச்சா. பிறகு மாசக்கணக்கா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில பழகினவை. முதல் தடவை ஊசி குத்தேக்க அவ மயங்கி விழ, நோயாளிதான் எழும்பித் தண்ணி தெளிச்சவராம். வகுப்பும் அந்தளவில முடிஞ்சுது. எல்லாரும் தங்கட தங்கட கொம்பனிக்குப் போட்டினம்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில மதியச் சாப்பாட்டு நேரம் அக்காவின்ர நம்பரில இருந்து போன் வந்தது. பில் கூடிப்போச்சாக்கும், நான் போட்ட கணக்கில எங்கயோ பிழையாக்கும் எண்டு நினைச்சன். என்ன அக்கா எண்டு பதறிக் கேட்டன்.

"சத்தம் போடாதேங்கோ ரீச்சர்" எண்டு குசுகுசுத்தா. "அவர் மிசினில. எங்கட அறையில, எங்கட கட்டிலில. நித்திரையாயிட்டார். நான் இஞ்ச குசினியில சமைக்கிறன்."

போனைக் கொண்டு போய் அறை வாசலில பிடிச்சிருக்கவேணும். மிசின் ஒரே தாளத்தில ஓடுற சத்தம் கேட்டுது. அதுக்கு மேலால அவரின்ர குறட்டை கேட்டுது. நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைச்சிட்டு, அவ போனை வைக்கும் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன்.